கால்குலேட்டர் பிடித்த ஸ்ருதி

டெலிபோன் செத்துப்போன செய்தியை எனக்கு முதலில் சொன்னது என் அக்கா மகள் கோமதி.

சொன்னாள் என்று எழுதிவிட்டேன். நாலு வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசாத குழந்தை அவள். காது கேட்காது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று காலை நான் காபி டம்ளரோடு வாசலில் நின்று பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூடத்து மூலையில் முக்காலியின் மேல் ஏறி, கறுப்பு டெலிபோனின் ரிசீவரை எடுத்து என் காதில் வைத்து அமுக்கினாள். அமுக்கிவிட்டு, புகார் கொடுக்க வந்தவள் போல என்னை முறைத்தாள்.

கேட்டேன். ஒன்றுமே இல்லை. லைன் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் அந்தக் ‘குர்ர்ர்’, டயல் டோன், அடியோடு காணோம்.

“அத்திம்பேர், போன்ல சத்தமே இல்லையே.”

அக்காவின் கணவர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வெளியே ஓடினார். மலைமேல், உடும்பஞ்சோலைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஏலக்காய் ஊரில், ஒரு பீரோ அளவு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. அதற்கு அவர்தான் மெக்கானிக். எக்ஸ்சேஞ்சும் குவார்ட்டர்ஸும் ஒரே காம்பவுண்டு. பத்து நிமிஷத்தில் ஏதோ ஃப்யூஸை மாற்றிவிட்டு வந்தார். நுரை அதற்குள் காய்ந்துபோயிருந்தது.

கோமதி மறுபடி முக்காலியில் ஏறி ரிசீவரை எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மிச்சக் காபியைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது. கடைசி வாய் உள்ளே போகும்போதுதான் எனக்கு உறைத்தது. காதே கேட்காத குழந்தைக்கு, போன் செத்துப்போனது எப்படித் தெரிந்தது?

சிவப்பு எண்கள்

சென்ற வாரம் இந்தப் பகுதியில், அமெரிக்காவில் இருந்தபோது நான் ரசம் வைத்து அடுக்குமாடியையே தும்மவைத்த கதையை எழுதியிருந்தேன். “அதெல்லாம் சரி, முதல் லீவில் ஊருக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கல்பாத்தியில் எங்கள் தெருவே அப்போது அதைத்தான் கேட்டது. நைலக்ஸ் புடவை, சென்ட் பாட்டில், கைக்கடிகாரம் என்று ஆளுக்கொன்றை எதிர்பார்த்தார்கள். நான் கொண்டுவந்தது ஒரு கால்குலேட்டர்.

எழுபதுகளின் பின்பாதி அது. உள்ளங்கை அளவுப் பெட்டி. அமுக்கினால் சிவப்பாக எண்கள் எரியும். ஒரு கணக்கை இப்படி இப்படிப் போடு என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், அதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். அதற்காக என் இரண்டு மாதச் சாப்பாட்டில் கைவைத்திருந்தேன்.

அதை வாங்கியதற்கு இன்னொரு பைத்தியக்காரத்தனமும் காரணம். அங்கே டெலிபோனில் டயல் சுற்றுவது போய், பொத்தான் அமுக்குவது வந்திருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சத்தம். உற்றுக் கேட்டால் ஒரு சத்தத்துக்குள் இரண்டு ஸ்வரம் சேர்ந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து, இது ஏழு, இது ஒன்பது என்று தெரிந்துகொள்ளும். நான் பைத்தியமாகிவிட்டேன். என் கால்குலேட்டரை இப்படிப் பாடவைக்க முடியுமா என்று ராத்திரி தூக்கத்திலும் அதே நினைப்பு.

அதற்கு வாய் கிடையாது. ஆனால் ரேடியோவின் பக்கத்தில் வைத்தால் அது பேசும். மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கால்குலேட்டரை ஒட்டினாற்போல் வைத்தால், ரேடியோ உறுமும். சும்மா இருந்தால் ஒரு உறுமல். கூட்டச் சொன்னால் இன்னொன்று. கோணங்களும் மடக்கைகளுமாகக் கடினமான கணக்கைக் கொடுத்தால் ‘கீச்’சென்று மெல்லிசாகக் கத்தும். கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவைத்தால் சத்தம் நின்று நிலைக்கும். இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்துப் பாட மட்டும் அது கடைசி வரை சம்மதிக்கவில்லை.

கல்பாத்தி வீட்டில் வந்து இறங்கிய அன்றே அதன் சார்ஜரைச் சுவரில் சொருகினேன். அமெரிக்க மின்சாரத்துக்குப் பிறந்த சாமான் அது. நம்மூர் மின்சாரம் அதற்கு இரட்டிப்பு. ‘டப்’ என்று ஒரு சத்தம். தேங்காய் எண்ணெய் தீய்ந்த வாசனை. இன்ஜினியர் பட்டம் வாங்கியவன் நான். அம்மா ஓடிவந்து எனக்குச் சுற்றிப்போட்டாள். கண் பட்டுவிட்டதாம்.

ஆக, உள்ளே இருந்த பாட்டரிதான் மிச்சம். அதிலும் பாதியை உறவுக்காரர்களுக்கு வித்தை காட்டியே தீர்த்தேன். பிறகு பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று பஸ் மாறி மாறி, அக்காவைப் பார்க்க மலையேறினேன்.

அக்காவின் ஐந்தரைக் கட்டை

அக்கா அலமேலுவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஆண்கள் எட்டிப் பிடிக்கத் திணறும் ஐந்தரைக் கட்டை ஸ்ருதியில், வெண்ணெயில் கத்தி போவது போல அவள் பாடுவாள். தேர் நாட்களில் கோவிலில் அவள் மேல் ஸட்ஜத்தில் நின்றால், ஆற்றங்கரையில் துணி துவைப்பவர்கள் கையை நிறுத்துவார்கள் என்று அப்பா சொல்லிக்கொள்வார். அதில் பாதி பெருமை, பாதி உண்மை.

அந்த வீட்டுக் குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் அழுத்தக்காரி என்றார்கள். பிறகு, சமத்து, தன் ஜோலியைப் பார்க்கிறாள் என்றார்கள். பிறகு பயந்தார்கள். அடிவாரத்து டாக்டர் ஒருவர் குழந்தையின் பின்னால் நின்று கையைத் தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். மணி அடித்தார். “ஒண்ணுமே கேட்கலை. காதுல மிஷின் வெச்சாலும் பிரயோஜனமில்லை. கொஞ்சமாவது கேட்கற காதுக்குத்தான் மிஷின்,” என்று கையைக் கழுவிக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்கா பாடுவதை நிறுத்திவிட்டாள். அடுப்படியில் ஒரு முணுமுணுப்பு கூடக் கிடையாது. கல்பாத்திக்கு வந்தால் கச்சேரிப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

நான் போயிருந்த சமயம், காது கேட்காத குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் கோமதியைச் சேர்க்க அத்திம்பேர் இடம் வாங்கியிருந்தார். தூரத்து ஊர். கோடை விடுமுறை முடிந்ததும் கொண்டுபோய் விடவேண்டும். நல்ல பள்ளி என்று எல்லோருமே சொன்னார்கள். அக்காவும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் குழந்தையின் சட்டைகளை மடித்து வைப்பாள், எடுத்து உதறுவாள், மறுபடி மடிப்பாள்.

இப்போது டெலிபோனுக்கு வருகிறேன். அன்று மத்தியானம் என் சந்தேகத்தை அத்திம்பேரிடம் கேட்டேன்.

“இதோ பாரு மணி, ரிசீவர் அதிரும். காதுல ஒட்டி வெச்சுண்டா அதிர்வு தெரியும். லாரி போனாலும் அவளுக்குத் தெரியறது. அது கேட்கறது ஆகாது,” என்றார்.

“அதிர்வாவே இருக்கட்டும். பக்ஷே, ஒருவேளை கேட்கறதோன்னு பாத்துடலாமே?”

“ஆசை காட்டாதே. உங்க அக்கா ஒரு தடவை அழுது தீர்த்துட்டா. இன்னொரு தடவை அவளால முடியாது.” சற்று நிறுத்தி, “என்னாலயும்,” என்றார்.

செல்லப்பாண்டியின் ரேடியோ

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதைத் தீர்க்காமல் சோறு இறங்காது. டாக்டர் குலுக்கியது சாவி, அடித்தது மணி. எல்லாமே மெல்லிசுச் சத்தம். டெலிபோன் உறுமுவது தடித்த சத்தம். குழந்தைக்குக் கீழ்ச் சத்தம் மட்டும் கேட்கிறதோ என்னவோ. ஒரே பெட்டியிலிருந்து, ஒரே அளவில், கீழும் மேலுமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஒரு பெட்டி என் பையில் இருந்தது.

ரேடியோதான் இல்லை. காம்பவுண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த போடிக்காரர் செல்லப்பாண்டியிடம் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. இரவல் கேட்டேன். ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கடையிலேயே கால்குலேட்டரை அதன் பக்கத்தில் வைத்தேன். அது உறுமிவிட்டு, ‘கீச்’சென்று கத்தியது. பெஞ்சில் இருந்தவர்கள் டீயோடு எழுந்துவிட்டார்கள்.

“என்னா தம்பி, எங்க ரேடியோவுக்குப் பேய் புடிச்சிருச்சா?” என்றார் செல்லப்பாண்டி.

“கணக்குப் போடுதுங்க. அதோட சத்தம்.”

“எம் மவனும்தான் கணக்குப் போடுறான். அவனும் இப்படித்தான் கத்துறான்.” சொல்லிக்கொண்டே ரேடியோவைத் துடைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. “பாப்பாவுக்கா? எத்தனை நாள் வேணாலும் வச்சுக்கங்க. ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டியிருக்கேன், பயப்படாதீங்க,” என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். கோமதியை ஜன்னலைப் பார்க்கக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் அவளுக்குப் பிடித்த சாமானைக் கொடுத்தோம். டெலிபோன் கேபிளுக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மெல்லிய கம்பிகள் இருக்குமே, அந்தத் துண்டுகள். அதை முறுக்கி வளையல் பண்ணத் தொடங்கினால் அவளுக்கு உலகமே மறந்துவிடும். நான் பின்னால் நின்று உறுமல் கொடுத்தேன்.

திரும்பினாள்!

‘கீச்’ கொடுத்தேன். திரும்பினாள். “அக்கா, எல்லாமே கேட்கறது!” என்று கத்தினேன். அக்கா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

அத்திம்பேர் மட்டும் அசையவில்லை. “இப்போ சத்தம் இல்லாம கையை மட்டும் தூக்கு,” என்றார்.

தூக்கினேன். கோமதி திரும்பிச் சிரித்தாள்.

“ஜன்னலைப் பாரு.”

பார்த்தேன். வெளியே பனி மூடி இருட்டியிருந்தது. உள்ளே விளக்கு. கண்ணாடியில் நான் முழு உருவமாக, கோமாளி போல நின்றுகொண்டிருந்தேன். குழந்தை என்னைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். காது கேட்காதவர்களுக்குக் கண் எவ்வளவு கூர்மை என்பதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா திரும்பி உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது.

“ஸாரமில்லை மணி, போனாப் போறது. படுத்துக்கோ,” என்றார் அத்திம்பேர்.

தூளிக் கொக்கி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆச்சரியம், ஆரம்பித்தது அத்திம்பேர். மெக்கானிக் மூளை அல்லவா. பழுது என்று ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்க முறை ஒன்று இருக்கவேண்டும் அவருக்கு.

கட்டிலைத் திருப்பி வெறும் சுவரைப் பார்க்கப் போட்டார். கண்ணாடி, எவர்சில்வர் சொம்பு, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். ரேடியோ தரையிலும் கட்டிலிலும் படக்கூடாது, அதிர்வு குழந்தைக்குப் போய்விடும் என்று, கோமதிக்குத் தூளி கட்டிய கொக்கி உத்தரத்தில் இருந்ததே, அதில் கயிற்றில் தொங்கவிட்டார். பழந்துணி சுற்றிய ரேடியோ, குழந்தைக்குப் பின்னால் மூன்று முழம் தள்ளி ஆடியது. நான் அதன் பக்கத்தில் கால்குலேட்டரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பு எண்கள் மங்கலாகத்தான் எரிந்தன.

முதலில் ‘கீச்’. கோமதி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டினேன். எனக்கே காது கூசியது. அவள் பச்சைக் கம்பியை எடுத்து மஞ்சளோடு சேர்த்தாள்.

கணக்கை மாற்றினேன். ‘குர்ர்ர்.’

கை நின்றது. தலை நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பினாள்.

“யதேச்சையா இருக்கும். இன்னொரு தடவை,” என்றார் அத்திம்பேர்.

சற்று விட்டு மறுபடி கீச். இல்லை. மறுபடி உறுமல். திரும்பினாள்.

“இப்போ நான் சொல்றப்போ குடு. நான் சொல்லாம குடுக்காதே.” காத்திருந்தோம். கோமதி மும்முரமாகிவிட்டாள். அத்திம்பேர் விரலைத் தூக்கினார். நான் அமுக்கினேன்.

ஒன்றும் வரவில்லை. எண்கள் ஒரு தரம் மினுங்கி அணைந்துபோயிருந்தன. பாட்டரி தீர்ந்துவிட்டது.

கல்பாத்தித் தெருவில் யார் யாருக்கு எந்தக் கிழமை பிறந்தநாள் என்று சொல்லித் தீர்த்த பாட்டரி. எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“ரெண்டு தடவை திரும்பினா. போறாது மணி. இவ ஆயுசு பூரா இதுல இருக்காக்கும்.” அத்திம்பேர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நேராக டெலிபோனிடம் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். கச்சேரிக்கு முன்னால் தம்பூராவைக் கேட்பாளே, அதே முகம். அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

“என்னடா இது, பாதாளத்துல கெடக்கு,” என்று முனகினாள். ரிசீவரை வைத்தாள்.

குழந்தைக்குப் பின்னால் கையெட்டாத தூரத்தில் தரையில் சம்மணம் போட்டாள்.

“மூச்சு கழுத்துல படப்படாது,” என்றார் அத்திம்பேர், அந்த நிலையிலும். அவள் முந்தானையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

பழக்கதோஷம், முதலில் தன் ஸ்ருதியில்தான் எடுத்தாள். சுத்தமான ஸட்ஜம். கோமதி கம்பியை முறுக்கினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கீழே இறங்கினாள். மந்தர ஸ்தாயி பஞ்சமம். இல்லை. அதற்கும் கீழே. குரல் கரகரத்தது. அவள் குருவோ அப்பாவோ கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். இன்னும் இறங்கினாள். பாட்டு என்று சொல்லமுடியாத, ஆண்பிள்ளை தொண்டையைக் கனைப்பது போன்ற ஒரு ஓங்காரம். அதை நீட்டிப் பிடித்தாள்.

பச்சைக் கம்பி கையிலிருந்து விழுந்தது.

கோமதி திரும்பினாள். முதலில் டெலிபோனைத்தான் பார்த்தாள். ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது. தொங்கும் ரேடியோவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. கட்டிலைவிட்டு இறங்கி வந்து, முந்தானையை விலக்கி, அக்காவின் வாயில் தன் காதை ஒட்டவைத்துக்கொண்டு சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா நிறுத்தவே இல்லை. கண்ணீர் வழிய வழிய, மூச்சு வாங்கி வாங்கி, அதே ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மூச்சு தீர்ந்தபோது சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

“இத்தனை நாளும் மேலேந்து மேலேந்து கூப்பிட்டுண்டிருந்தேனேடீ. நீ கீழ உக்காந்துண்டிருந்தியா?”

எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டோம். “கோமதீ…” என்று கடைசி எழுத்தை மேலே மேலே இழுத்து. திரும்பாவிட்டால் இன்னும் ஒரு கட்டை ஏற்றுவோம். பாடுகிற குடும்பம் அல்லவா.

பஸ்

அந்தக் கோடையிலேயே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதில் குமிழ் மாட்டி, ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துக் கோடு வரைகிற மிஷின் அங்கே இருந்ததாம். அந்தக் கோடு கீழ்ச் சத்தங்களில் கொஞ்சம் தலைகாட்டி, மேலே போகப் போக போடி மலைச் சாலை மாதிரி சரிந்ததாம். மார்பில் பெட்டி தொங்கும் காது மிஷின் கொடுத்தார்கள். பிறகு அதே பள்ளிக்குத்தான் போனாள், மிஷினோடு. அங்கேதான் பேசக் கற்றாள். இன்று போனில் என்னைப் பேசவிடாமல் பேசுகிறாள்.

“குழந்தைக்குக் கேட்கறதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சேள்?” என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டாராம். “கணக்குப் போட்டுப் பார்த்தோம்,” என்றாராம் அத்திம்பேர்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் கண்ணால் பார்த்தது, கிளம்பிய அன்று காலை.

செல்லப்பாண்டி கடை வாசலில் பஸ் நின்றிருந்தது. ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தேன். “பேய் போயிருச்சா?” என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கோமதி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸின் முன் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

அக்கா பின்னால் நின்று, ஒரு மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

“கோமூ…”

ஐந்தரைக் கட்டைக்காரியின் வாயிலிருந்து அப்படி ஒரு குரல். டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேர் யாரடா அது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கோமதியும் திரும்பினாள்.